மிளகுக் கொடியும் கிராம ஊழியரும்

வளர்ச்சித் திட்டங்களின் வரலாற்றை எழுதுவோர், எத்தனை கோடி ரூபாய் செலவாயிற்று, எத்தனை கிணறுகள் வெட்டப்பட்டன, எத்தனை மூட்டை விளைந்தது என்ற கணக்குகளைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பணத்தையும் விதையையும் அறிவையும் சுமந்துகொண்டு உழவர் வீட்டு வாயிலுக்குச் சென்றவர் யார்? அவரைத் தேர்ந்தெடுத்தவர் யார்? அவர் அந்த ஊரில் எத்தனை ஆண்டு தங்கினார்? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், பல நூல்களில் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஆயினும், ஏழை உழவர்க்கென வகுத்த திட்டம் ஒன்று நிலைத்ததா, கலைந்ததா என்பதை இறுதியில் முடிவு செய்தது பெரும்பாலும் இந்த ஆள் தேர்வுதான். இதனைத் திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் மலைகளையும் நடுவாக வைத்துச் சற்று ஆராய்வோம்.

திண்டுக்கல் கோட்டைப் பாறையின்மேல் ஏறி நின்று நாற்புறமும் நோக்குவோர்க்கு இந்நிலத்தின் அமைப்பு நன்கு விளங்கும். தென்கிழக்கே சிறுமலை எழுந்து நிற்கிறது. மேற்கே பழனி மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. இடையே பெரும்பாலும் மழையையும் கிணற்றையும் நம்பி வாழும் சமவெளி. 1985-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதி, பூட்டுக்கும் தோலுக்கும் புகையிலைக்கும் பெயர் பெற்றது என்பதை அனைவரும் அறிவர். ஆனால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பன்றிமலை, சிறுமலை ஆகிய மலையூர்களில் காப்பித் தோட்ட நிழலில் மிளகுக் கொடி படர்கிறது. ஈரமும் நிழலும் மிகுந்த இடங்களில் ஏலக்காய் விளைகிறது. கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு பயிராகிறது. கீழே சமவெளியில் மிளகாயும் கொத்தமல்லியும் பயிரிடுவோர் உண்டு. ஆகவே, நறுமணப் பயிர்களை நம்பி வாழும் சிறு குடியானவர் மலையிலும் இருக்கிறார், தரையிலும் இருக்கிறார்.

மிளகின் பழைய பெருமையை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். சங்க காலத்தில் அதற்குக் 'கறி' என்று பெயர். யவனர் பொன்னைக் கொடுத்து அதனைப் பெற்றுச் சென்றனர். 1498-ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியதற்கு மிளகு ஒரு முக்கிய காரணம். கப்பல் தலைவர்களின் பெயர்களும், வணிகக் கம்பெனிகளின் பெயர்களும், துறைமுகங்களின் பெயர்களும் வரலாற்றில் நிலைத்தன. கொடியை நட்டு, களை பறித்து, ஏணி சாய்த்துச் சரம் பறித்தவருடைய பெயர் மட்டும் எங்கும் காணப்படவில்லை. அவர்க்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளர்க்குத் தோன்றியதே மிகப் பிற்காலத்தில்தான்.

அவ்வாறு உதவ வருபவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பதைப் பயிரின் இயல்பே நமக்குச் சொல்லிவிடுகிறது. நெல் சில மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடும். ஒரு புதிய விதையை உழவரிடம் கொடுத்தால், அது நல்லதா தீயதா என்பது அந்தப் போகத்திலேயே தெரிந்துவிடும். மிளகுக் கொடி காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். முழுப் பலனைத் தர ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். ஏலச்செடியும் மூன்றாம் ஆண்டில்தான் பலன் தரத் தொடங்குகிறது. இன்று ஓர் ஊழியர் வந்து, "இந்தக் கொடியை நடுங்கள்" என்று சொன்னால், அவர் சொன்னது மெய்யா என்பதை அறிய உழவர் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை தம் நிலத்தையும் உழைப்பையும் அடகு வைத்ததற்கு ஒப்பானது அவருடைய நிலை. விளைந்த பின்னரும் கவலை தீர்வதில்லை. நூறு கிலோ பச்சை மிளகைக் காயவைத்தால் ஏறத்தாழ முப்பத்துமூன்று கிலோதான் தேறும். பச்சை ஏலக்காய் ஐந்து கிலோ உலர்ந்து ஒரு கிலோவாகச் சுருங்கும். காய்ச்சல் போதாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். விலையோ தொலைதூரச் சந்தைகளில் ஏறி இறங்கும். முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே சரக்கைப் போடவேண்டிய கட்டாயமும் பலர்க்கு உண்டு. நீண்ட காலம் நம்பிக்கையோடு உடன் நிற்கும் துணையே இத்தகைய குடியானவர்க்குத் தேவை.

அத்தகைய துணைவரை எங்கே தேடுவது என்ற முயற்சி நம் நாட்டில் ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள கோயம்புத்தூரிலேயே அதன் முதல் அத்தியாயங்களுள் ஒன்று தொடங்குகிறது. 1840-களில் கிழக்கிந்தியக் கம்பெனியார், இங்கிலாந்தின் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும் என்று கருதி, அமெரிக்கத் தோட்டக்காரர் சிலரை இந்தியாவுக்கு வரவழைத்தனர். கோயம்புத்தூர்ப் பகுதியில் நடந்த பருத்திச் சோதனைகளை 1842 முதல் தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட் மேற்பார்த்தார். வந்த தோட்டக்காரர்கள் தம் நாட்டுப் பருத்தியையும் பயிர் முறையையும் நன்கு அறிந்தவர்கள். ஆனால் இந்த மண்ணின் மழைக் கணக்கும், இங்குள்ள உழவரின் செலவுக் கணக்கும் அவர்கள் அறியாதவை. குடியானவர் அவர்கள் முறையைப் பரவலாக ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது. பயிரை அறிந்தவர் ஊரையும் அறிந்தவராக இராவிட்டால் அவர் கற்பித்தல் வேரூன்றாது என்பதே இதனால் பெறப்படும் முதற் பாடம்.

இரண்டாவது பாடம் வடக்கே பஞ்சாபிலிருந்து வருகிறது. 1920-களில் குர்கான் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக இருந்த எஃப். எல். பிரெய்ன் என்ற ஆங்கிலேயர், கிராமங்களைச் சீர்திருத்த வேண்டும் என்ற பெருவேட்கை கொண்டவர். எருக்குழி வெட்டுதல், வீடுகளுக்குச் சாளரம் வைத்தல், நல்ல விதை, நல்ல காளை, பெண்கல்வி என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'கிராம வழிகாட்டி' என்ற பெயரில் ஊழியர்களைப் பயிற்றுவித்து ஊர்தோறும் அனுப்பினார். அவர் இருந்தவரை வேலை விறுவிறுப்பாக நடந்தது. 1920-களின் இறுதியில் அவர் மாறுதலாகிப் போனார். பின்னர் எருக்குழிகள் தூர்ந்தன. ஊர்கள் பழைய வழிக்குத் திரும்பின. மக்கள் அதிகாரியின் சொல்லுக்காகச் செய்தார்களே அன்றித் தம் தேவை என்று உணர்ந்து செய்யவில்லை. வழிகாட்டிகளும் அதிகாரியின் கைகளாகவே இருந்தார்கள். தலை போனதும் கைகள் ஓய்ந்தன.

ஏறத்தாழ அதே காலத்தில், தென்கோடியிலுள்ள மார்த்தாண்டத்தில் வேறொரு வழி சோதிக்கப்பட்டது. அன்று அவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநில அமைப்பின்போதுதான் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டில் இணைந்தது. அங்கே ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினார். அவர் பணம் குறைவாகவே வைத்திருந்தார்; சம்பள ஊழியரும் சிலரே. அக்குறையே நிறைவாயிற்று. சுற்றுப்புற ஊர்களிலிருந்தே ஆர்வமுள்ளோரைத் தேர்ந்து பயிற்சியளித்து, அவர்கள் தத்தம் ஊரில் தொழில் செய்துகொண்டே அண்டை அயலார்க்கும் கற்றுக்கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். தேனீ வளர்ப்பும், கோழி வளர்ப்பும், முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்பதும் இவ்வாறு பரவின. பிற ஊர்களில் பணிபுரியப் போகிறவர்க்கும் அங்கே பயிற்சி வகுப்புகள் நடைபெற்றன. ஹாட்ச் சென்ற பின்னும் மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர்போன ஊராகவே இருந்துவருகிறது. கற்றவரும் கற்பித்தவரும் அவ்வூரிலேயே இருந்தமையால், வேலை ஊரின் சொத்தாகிவிட்டது.

இந்தப் பின்னணியோடு நாம் திண்டுக்கல் சமவெளிக்குத் திரும்புவோம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளப்பட்டிக்கும் அம்பாத்துரைக்கும் அருகே, 1947-ஆம் ஆண்டு காந்திகிராமம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்கள் டாக்டர் டி. எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் ஆவர். சௌந்தரம் அம்மையார் புகழ்பெற்ற தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர் டெல்லியில் மருத்துவம் படித்தவர். கேரளத்தைச் சேர்ந்த இராமச்சந்திரன் சாந்திநிகேதனில் கல்வி பயின்று, காந்தியடிகளின் தொண்டராக வாழ்ந்தவர். இருவரும் நகரத்தில் வசதியாக வாழ்ந்திருக்கக் கூடியவர்கள். வறண்ட நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு, முதலில் தொடங்கிய பணிகளுள் ஒன்று மருத்துவ உதவி. மற்றொன்று கிராமப் பணிக்குப் பெண்களைப் பயிற்றுவித்தல்.

இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கட்டடம் எழுப்பி, திட்டம் தீட்டி, அதன் பின்னர் ஆள் தேடும் வழக்கத்தை அவர்கள் மாற்றினார்கள். முதலில் ஆளை உருவாக்கினார்கள். கஸ்தூரிபா நினைவு நிதியின் நோக்கத்துக்கேற்ப, கிராம சேவிகைகளாகப் பயிற்சி பெற்ற பெண்களுள் பலர் எளிய குடும்பத்தினர். கணவரை இழந்தவர்களும் ஆதரவற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். பிரசவ உதவி, குழந்தை வளர்ப்பு, நூற்பு, சுகாதாரம் ஆகியவற்றைக் கற்று அவர்கள் ஊர்களுக்குச் சென்றார்கள். துன்பத்தை அறிந்தவர்கள் துன்புறுவோர் வீட்டுக்குள் நுழைவது எளிது. 1956-ஆம் ஆண்டு கிராமிய உயர்கல்விக்காக நாட்டில் தொடங்கப்பட்ட நிறுவனங்களுள் ஒன்று காந்திகிராமத்தில் அமைந்தது. அது 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்துக்குத் தேவையான கல்வி பெற்றவர் கிராமத்திலேயே தங்கிப் பணிபுரிய வேண்டும் என்பது அக்கல்வியின் அடிப்படை நோக்கம்.

அரசாங்கமும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. 1946-இல் சென்னை மாகாண அரசு 'பிர்க்கா வளர்ச்சித் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியது. 1948-இல் உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் ஆலோசனையோடு ஒரு முன்னோடித் திட்டம் நடந்தது. இவ்வனுபவங்களின் விளைவாக, 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, நாடெங்கும் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஏறத்தாழ முந்நூறு கிராமங்கள். அவை நூறு நூறாக மூன்று வட்டாரங்கள். அந்த அமைப்பின் கடைசிப் படியில், மக்களை நேருக்கு நேர் காணும் இடத்தில் நின்றவர்தான் 'கிராம சேவக்' எனப்பட்ட கிராம ஊழியர்.

கிராம சேவக் கிராமத்தில் வளர்ந்தவராக இருத்தல் வேண்டும், கைவேலைக்குக் கூசாதவராக இருத்தல் வேண்டும், சேவை மனம் உடையவராக இருத்தல் வேண்டும் என்றெல்லாம் விரும்பினார்கள். கருத்து மிக உயர்ந்தது. ஆனால் அந்த ஒருவர் தலையில் ஏற்றிய சுமையை எண்ணிப் பாருங்கள். உழவு, கால்நடை, சுகாதாரம், முதியோர் கல்வி, கூட்டுறவு, சாலை, கிணறு எல்லாவற்றுக்கும் அவரே முதல் ஊழியர். அவர் பொறுப்பில் ஐந்து முதல் பத்துக் கிராமங்கள். மேலே ஒவ்வொரு துறைக்கும் ஒரு விரிவாக்க அலுவலர் அவரிடம் அறிக்கை கேட்டார். உழவரைப் பார்க்க வேண்டிய நேரத்தைப் பதிவேடு விழுங்கியது. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் நடத்தி, வருகைப் பதிவேட்டையும் கட்டடக் கணக்கையும் எழுதிக்கொண்டிருக்கும் ஓராசிரியர் பள்ளியை அறிந்தவர்க்கு இந்த நிலை எளிதில் புரியும். அவர் உழைப்பில் குறை காண்பது நியாயமாகாது. வேலையைப் பிரித்து வகுத்ததிலேதான் குறை இருந்தது. 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு, மக்கள் இத்திட்டத்தைத் தமதாக ஏற்கவில்லை என்று சுட்டிக்காட்டியது. அதன் பின்னர்ச் சென்னை மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்து, வளர்ச்சிப் பணி அவற்றின் பொறுப்புக்கு வந்தது.

1960-களில் நாட்டின் முதற் கவலை உணவுப் பஞ்சம். ஆகவே ஊழியர் படையும் உணவுப் பயிரின் பக்கம் திரும்பியது. நாட்டில் தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. அவற்றுள் தஞ்சாவூரும் ஒன்று. அங்கே வட்டாரம் ஒன்றுக்குப் பத்து என்றிருந்த கிராம ஊழியர் எண்ணிக்கை இருபதாக உயர்த்தப்பட்டது. ஊழியரை இரட்டிப்பாக்கினால் விளைச்சலை உயர்த்தலாம் என்று அரசே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று. நாட்டுக்கு நெல் வேண்டியிருந்தது. அதனைக் குறைகூற இயலாது. ஆனால் மலையடிவாரத்து மிளகாய்க்காரரும், மலைமேல் மிளகுக்காரரும் இந்த இரட்டிப்பில் பங்கு பெறவில்லை.

மலைப்பயிர்களுக்கெனத் தனி அமைப்புகள் பின்னர் வலுப்பெற்றன. 1966-இல் ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1987-இல் நறுமணப் பொருள் வாரியம் தோன்றியபோது அது இதனுள் அடங்கிற்று. மலையாள நாட்டின் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் உலகின் முதல் கலப்பின மிளகு வகையான 'பன்னியூர்-1'-ஐ உருவாக்கி அளித்தது. நம் பழனி மலையில் தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஏலக்காய் ஆராய்ச்சிக்கும் அங்கே ஒரு வட்டார நிலையம் ஏற்பட்டது. ஆகவே அறிவுக்குப் பஞ்சமில்லை என்றே சொல்ல வேண்டும். அறிவைத் தோட்டத்து வேலிவரை கொண்டுசேர்க்கும் மனிதர்க்குத்தான் பஞ்சம். அதிலும், சென்று சொல்லிவிட்டுத் திரும்பும் மனிதரைவிட, சொல்லிவிட்டு அங்கேயே தங்கும் மனிதர் அரியவர்.

இது ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஏலச்செடிக்குக் 'கட்டே' என்றொரு நோய் உண்டு. இலைகளில் வெளிறிய கோடுகள் தோன்றிச் செடி சிறுத்துப் போகும். மருந்து தெளித்து இதனைக் குணப்படுத்த இயலாது. நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கி அழிப்பதே வழி. அசுவினி என்னும் சிறு பூச்சி இந்நோயைச் செடிக்குச் செடி சுமந்து செல்கிறது. ஆகவே நான் என் தோட்டத்தைச் சுத்தம் செய்து, என் அண்டைத் தோட்டக்காரர் செய்யாமல் விட்டால், என் உழைப்பு வீண். மலைவாழைக்கு வரும் முடிக்கொத்து நோயும் அசுவினியால் பரவுவதே. கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் புகழோடு விளைந்த மலைவாழை, 1970-களில் அந்நோயால் பெரும் அழிவுக்கு உள்ளானது. அத்தோட்டங்களை நம்பியிருந்த குடும்பங்களின் பிழைப்பும் உடன் சாய்ந்தது.

நோயுற்ற செடியைப் பிடுங்கு என்று சொல்வதற்கு ஒரு துண்டுப் பிரசுரம் போதும். பணம் தரும் என்று நம்பி வளர்த்த செடியை, இன்னும் ஓரளவு காய்க்கும் நிலையிலேயே, ஏழை ஒருவர் தம் கையால் பிடுங்கி எறிய வேண்டுமானால், சொல்பவர்மீது அவர்க்கு முழு நம்பிக்கை வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு இருந்தாலும், இருவரையும் ஒரே நாளில் அவ்வேலையில் இறக்கும் செல்வாக்கு ஊழியர்க்கு வேண்டும். இந்த நம்பிக்கையும் செல்வாக்கும் நியமன ஆணையோடு வருவன அல்ல. ஆண்டுகள் கூடக்கூட வருவன. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறுதல் என்பது அரசுப் பணியின் பொது வழக்கம். ஊழியர் வந்த ஆண்டில் நட்ட கொடி காய்க்கும் வேளையில் அவர் வேறு ஊரில் இருப்பார். தாம் சொன்னது பலித்ததா என்று காணும் மகிழ்ச்சி அவர்க்கு இல்லை. பலிக்காவிட்டால் பொறுப்பேற்கும் கடமையும் அவர்க்கு இல்லை. புதிதாக வந்தவரோ முதலிலிருந்து தொடங்குகிறார்.

அப்படியானால் எல்லாரையும் உள்ளூரிலிருந்தே எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு மறுப்பும் உண்டு, அது புறந்தள்ளத்தக்கதன்று. உள்ளூர்க்காரர் தம் உறவினர்க்கும் தம் சாதியார்க்கும் முதலில் உதவுவார். மலையில் வாழும் பளியர் குடிசைக்குக் கடைசியில்தான் போவார், அல்லது போகவே மாட்டார் என்பது அம்மறுப்பு. நெடுநாள் ஓரிடத்தில் இருப்பவர் வியாபாரியோடு கைகோத்துக்கொள்வார் என்ற அச்சமும் உண்டு. மாறுதல் என்ற ஏற்பாடே இத்தகைய தீமைகளைத் தடுக்க ஏற்பட்டதுதான். ஆகவே ஒரே வகை ஊழியரை வைத்து இச்சிக்கலைத் தீர்க்க இயலாது. ஊரிலேயே வாழும் ஊழியர், மலைப்பழங்குடியிலிருந்து வந்த ஊழியர், பயிர் நூல் கற்ற வெளியூர் அலுவலர் ஆகிய மூவகையினரும் ஒரே குழுவில் இருத்தல் வேண்டும். யாருக்கு எத்தனை நாற்று, யாருக்கு எவ்வளவு கடன் என்ற கணக்கு ஊர்ச் சபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். பலர் கேட்கப் படிக்கும் கணக்கில் பட்சபாதம் நெடுநாள் ஒளிந்திருப்பது கடினம்.

ஆள் தேர்வில் மறக்கப்படும் மற்றொன்று, பெண்களின் இடம். மிளகைக் காம்பிலிருந்து பிரிப்பதும், உலர்த்துவதும், புடைப்பதும், ஏலக்காய் பறிப்பதும், தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள் கையால் நடப்பவை. சரக்கின் தரம் அங்கேதான் உயர்கிறது அல்லது கெடுகிறது. எல்லா ஊழியரும் ஆடவராக இருக்கும் திட்டம், வீட்டுக்காரரோடு திண்ணையில் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறது. களத்தில் காயவைப்பவரிடம் அது பேசுவதே இல்லை. காந்திகிராமத்துச் சேவிகைகள் 1940-களின் இறுதியிலேயே காட்டிய வழி இது. அண்மைக் காலத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் திண்டுக்கல் மாவட்டத்துக் கன்னிவாடிப் பகுதியில் சிறு உழவர் குழுக்களோடும் மகளிர் சுய உதவிக் குழுக்களோடும் நடத்திவந்த பணியிலும், ஊர்க்காரரையே பயிற்றுவித்துப் பொறுப்பை ஒப்படைக்கும் கொள்கையைக் காண்கிறோம்.

இன்னொன்று, எடைக்கல். பயிர் வளர்க்கத் தெரிந்த ஊழியரை மட்டும் நியமித்து, விற்கத் தெரிந்தவரை நியமிக்காமல் விட்டால், உழவர் விளைச்சலில் கண்ட ஆதாயத்தைத் தராசில் இழந்துவிடுவார். ஈரப்பதம் அளக்கவும், தரம் அறியவும், போடிநாயக்கனூர் ஏல விலையைக் கேட்டறிந்து ஊரில் சொல்லவும், கணக்கெழுதவும் ஒருவர் வேண்டும். அவர்க்கு உரிய சம்பளமும் வேண்டும். தொண்டு என்ற பெயரால் ஏழை இளைஞரைக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது, ஏழைக்கு உதவும் பணிக்கு ஏற்ற முறையாகாது. மார்த்தாண்டத்து ஊர்த்தொண்டர்க்குத் தத்தம் தொழிலில் வருவாய் இருந்தது என்பதை மறவாதிருப்போம்.

இந்த வரலாறு பழங்கதையாக முடிந்துவிடவில்லை. 2020-ஆம் ஆண்டு மத்திய அரசு, பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. சிறு உழவர் பலர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு கம்பெனியோ கூட்டுறவோ அமைத்து, இடுபொருளை ஒன்றாக வாங்கி, விளைபொருளை ஒன்றாக விற்பதே இதன் நோக்கம். அந்நிறுவனத்தின் தலைமை அலுவலர்க்கும் கணக்கருக்கும் சம்பளம் முதலிய நிர்வாகச் செலவுக்காக, மூன்றாண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை உதவி என்று அத்திட்டம் வகுத்தது. ஆள் தேர்வுக்கென்றே பணம் ஒதுக்கியது நல்ல முன்னேற்றம். ஆனால் அந்த மூன்று என்ற எண்ணைச் சற்று நோக்குங்கள். நெல்லும் காய்கறியும் விற்கும் நிறுவனம் மூன்றாண்டில் பல போகங்களைக் கண்டு காலூன்றக்கூடும். புதிதாக மிளகு நட்ட சிறு குடியானவர்களின் நிறுவனத்துக்கோ, சம்பள உதவி முடியும் வேளையில்தான் முதற் சரம் பழுக்கத் தொடங்கும். விற்பதற்குச் சரக்கு வரும்போது, விற்பவர்க்குச் சம்பளம் கொடுக்க வழி தேடவேண்டியதாகும்.

ஆகவே, ஏழை நறுமணப் பயிர் உழவர்க்கான எந்தத் திட்டமும், ஊழியரின் காலத்தைப் பயிரின் காலத்தோடு பொருத்தி அமைய வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் முடிவு. நிதியாண்டு மார்ச்சு மாதத்தில் முடிகிறது. மிளகுக் கொடி அந்த நாட்காட்டியை அறியாது. நட்டவர் காய்ப்பைக் காணும்வரை அங்கே இருக்குமாறு குறைந்தது ஏழெட்டு ஆண்டு நியமனமும், அந்தக் காலத்துக்குள் தம் இடத்தை ஏற்கத்தக்க உள்ளூர் இளைஞர் இருவரையேனும் பயிற்றுவிக்கும் கடமையும் ஊழியர்க்கு விதிக்கப்பட வேண்டும். நல்ல ஆசிரியரின் வெற்றி, அவர் ஓய்வு பெற்ற மறுநாளும் பள்ளி முறையாக நடப்பதில்தான் தெரியும். கிராம ஊழியரின் வெற்றியும் அவ்வாறே.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் வேளாண்மை படிப்பீர்கள். சிலர் வணிகம் படிப்பீர்கள். சிலர் அரசுப் பணிக்குத் தேர்வு எழுதுவீர்கள். இவற்றுள் எதைக் கற்றாலும், சிறுமலையிலோ, தாண்டிக்குடியிலோ, வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்திலோ உங்கள் கல்விக்குத் தேவை உண்டு. அங்கே செல்ல நேர்ந்தால், அங்குள்ளவர் முதலில் உங்கள் பட்டத்தைக் கேட்கமாட்டார்கள். "எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். அக்கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லக்கூடியவர்களை அனுப்புவதே ஒரு நாடு தன் ஏழை உழவர்க்குச் செய்யும் முதல் உதவி.